ஏஐசி 224 என்றால் நல்லதா, கெட்டதா?

“மேடம், மாடல் ஓடிடுச்சு. ஏஐசி 224.6 வந்திருக்கு. இது நல்ல ஃபிட்தானே?”

நோயறியும் டெஸ்ட்களின் துல்லியத்தைத் தொகுத்துப் பார்க்கும் மெட்டா-அனாலிசிஸ்களில் கணக்குப் பக்கம் உட்காருவது என் வேலை. கூட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள். ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு எண்களை (நோய் உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் எத்தனை பேருக்கு டெஸ்ட் பாசிட்டிவ், எத்தனை பேருக்கு நெகட்டிவ்) பிழையில்லாமல் எடுத்து, ஷீட்டை என்னிடம் அனுப்பிவிடுவார்கள். இப்போதெல்லாம் பலர் தாங்களே மென்பொருளில் ஓட்டியும் பார்த்துவிடுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வெளியீட்டின் தலையில் வரிசையாக வந்து விழும், மாடல் டேட்டாவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது (அதாவது ஃபிட்) என்பதை அளக்கும் லாக் லைக்லிஹுட், ஏஐசி, பிஐசி, டீவியன்ஸ் ஆகியவற்றை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் மேலே உள்ள கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட இங்கே எழுதி வைப்பது மேல்.

224.6 நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அந்த எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. பத்து ஆய்வு இருந்தால் சிறிதாக வரும், நாற்பது இருந்தால் பெரிதாக வரும். ஒவ்வொரு ஆய்வும் தன் பங்குக்குக் கூட்டிக்கொண்டே போவதால் அப்படி. உங்கள் ஏஐசியையும் இன்னொரு கட்டுரையின் ஏஐசியையும் பக்கத்தில் வைப்பது, வேறு வேறு வினாத்தாள் எழுதிய இருவரின் மதிப்பெண்ணை ஒப்பிடுவது போல. ஒரே டேட்டா, ஒரே மதிப்பீட்டு முறை, இரண்டு மாடல் என்று இருந்தால்தான் இந்த எண் வாய் திறக்கும். அப்போது சிறியதே மேல்.

எந்த மாடலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆய்வும் இரண்டு விகிதங்களைத் தருகிறது. நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் பிடித்தது என்பது சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. பாசிட்டிவ் என்று சொல்வதற்கான வெட்டுப்புள்ளியை இறக்கினால் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சராசரி எடுக்காமல் சேர்த்தே மாடல் செய்கிறோம். 1993-இல் மோசஸ், ஷப்பிரோ, லிட்டன்பெர்க் மூவரும் ஒரு நேர்கோட்டு ரிக்ரஷனால் இதைச் சமாளித்தார்கள். பிறகு 2001-இல் ரட்டரும் கட்சோனிஸும், வெட்டுப்புள்ளி மாறும்போது இரண்டும் எப்படி நகர்கின்றன என்பதை ஒரு வளைவாகத் தரும் எச்எஸ்ஆர்ஓசி மாடலைக் கொண்டுவந்தார்கள். 2005-இல், இரண்டு விகிதங்களையும் ஜோடியாகவே மதிப்பிடும் ரைட்ஸ்மா குழுவினரின் பைவேரியேட் மாடல் வந்தது. 2006-இல் சூவும் கோலும் அதே பைவேரியேட் மாடலை ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்ற எண்ணிக்கையையே நேராக எடுக்கும் பைனாமியல் லைக்லிஹுட் வைத்து எழுதிக் காட்டினார்கள். இன்று பெரும்பாலும் ஓட்டுவது அதைத்தான்.

துணை மாறி (ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும் ஒரு விவரம்) எதுவும் சேர்க்காத பைவேரியேட் மாடலில் ஐந்து பாராமீட்டர், அதாவது டேட்டாவிலிருந்து மதிப்பிட வேண்டிய ஐந்து எண்கள். இரண்டு சராசரி லாஜிட் (விகிதத்தை லாகரித அளவுக்கு மாற்றியது), ஆய்வுகளுக்கு இடையேயான இரண்டு வேரியன்ஸ் (மாறுபாட்டின் அளவு), அவற்றுக்கு நடுவே ஒரு கோவேரியன்ஸ் (இரண்டும் சேர்ந்து நகரும் அளவு). இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஐசி என்பது மைனஸ் 2 லாக் லைக்லிஹுட்டோடு பாராமீட்டர் எண்ணிக்கையின் இரு மடங்கைக் கூட்டியது, அவ்வளவுதான். அகைகே 1974-இல் எழுதிய அந்தச் சூத்திரத்தில் வேறு எந்த ரகசியமும் இல்லை. 224.6-இலிருந்து 10-ஐக் கழித்தால் 214.6. இனி நான் ‘மைனஸ் 2’ என்று மட்டும் சொன்னால் இந்த 214.6 மாதிரியான எண்ணைத்தான் சொல்கிறேன்.

ஒரு கற்பனை டேட்டாவை எடுத்துக்கொள்வோம். ஒரு ரேப்பிட் ஆன்டிஜென் டெஸ்ட், 18 ஆய்வுகள், மொத்தம் 6,000 பேர். சில ஆய்வுகள் அறிகுறி உள்ளவர்களிடமும், மற்றவை அறிகுறி இல்லாதவர்களிடமும் நடந்தவை. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே போட்டவை.

முதல் மாடல், துணை மாறி இல்லாதது. மைனஸ் 2 மதிப்பு 214.6, பாராமீட்டர் 5, ஏஐசி 224.6.

இரண்டாவது மாடலில் அறிகுறி உண்டா இல்லையா என்பதைச் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டின் மேலும் ஏற்றுகிறோம். பாராமீட்டர் 7 ஆகிறது. மைனஸ் 2 மதிப்பு 205.1, ஏஐசி 219.1.

முதலுக்கும் இரண்டாவதுக்கும் மைனஸ் 2 வித்தியாசம் 9.5. கூடுதல் பாராமீட்டர் இரண்டு. இதுதான் லைக்லிஹுட் ரேஷியோ டெஸ்ட். இரண்டு டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தில் (கூடுதல் பாராமீட்டர்களின் எண்ணிக்கைதான் அது) 5 சதவீத எல்லை 5.99, நாம் அதைத் தாண்டிவிட்டோம். பி மதிப்பு (அறிகுறியால் மாற்றமே இல்லை என்றால் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.009. (இரண்டு டிகிரி என்றால் அட்டவணை கூட வேண்டாம். வித்தியாசத்தில் பாதியை எடுத்து, மைனஸ் போட்டு, கால்குலேட்டரில் எக்ஸ்பொனென்ஷியல் பொத்தானை அழுத்தினால் பி மதிப்பே வந்துவிடும்.) இதன் பொருள், அறிகுறி நிலையைச் சேர்த்ததால் ஆய்வுகளுக்கு இடையிலான மாறுபாட்டை மாடல் தற்செயலுக்கு மேல் விளக்குகிறது என்பது. டெஸ்ட் நல்லது என்றோ, டேட்டா நல்லது என்றோ இதற்குப் பொருள் இல்லை.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்த கேள்விதான் டாக்டருக்கு வேண்டியது. அறிகுறி எதை மாற்றுகிறது? சென்சிட்டிவிட்டியையா, ஸ்பெசிஃபிசிட்டியையா, இரண்டையுமா? அதனால் மூன்றாவது மாடலில் அறிகுறியைச் சென்சிட்டிவிட்டியின் மேல் மட்டும் வைக்கிறோம். பாராமீட்டர் 6. மைனஸ் 2 மதிப்பு 206.0, ஏஐசி 218.0. இரண்டாவது மாடலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 0.9. ஒரு டிகிரியில் எல்லை 3.84, பி மதிப்பு 0.34. ஸ்பெசிஃபிசிட்டி இரு குழுவிலும் ஒன்றாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதற்கு எதிராக இந்த டேட்டாவில் சான்று இல்லை. அது சமம் என்று நிரூபணமாகிவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள், 18 ஆய்வில் அவ்வளவு சொல்ல முடியாது.

நான்காவதாக, இரு குழுவுக்கும் தனித்தனி வேரியன்ஸும் கோவேரியன்ஸும் விட்டுப் பார்க்கலாம். பாராமீட்டர் 10. மைனஸ் 2 மதிப்பு 203.9, ஏஐசி 223.9. இரண்டாவது மாடலை விட மூன்று பாராமீட்டர் அதிகம், லாபமோ 1.2. தேவையில்லை என்று தெரிகிறது. ஆனாலும் இந்த மாடலை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு டெஸ்ட்களை ஒப்பிடும்போது ஒன்றில் மாறுபாடு பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருப்பது உண்டு. அப்போது பொதுவான வேரியன்ஸைத் திணித்தால் நம்பக எல்லைகள் ஒரு பக்கம் தேவையில்லாமல் விரியும், மறு பக்கம் பொய்யாகச் சுருங்கும்.

ஆக, இங்கே ஏஐசி தேர்ந்தெடுப்பது மூன்றாவது மாடலை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள ஏஐசி வித்தியாசம் 1.1 மட்டுமே. இரண்டுக்குக் குறைந்த வித்தியாசத்தை நான் வெற்றி தோல்வியாகப் பார்ப்பதில்லை. இரண்டு மாடலும் டாக்டருக்கு ஒரே பதிலைத் தருகின்றனவா என்று பார்ப்பேன். தந்தால் சிறியதை எழுதிவிட்டு, பெரியதைப் பிற்சேர்க்கையில் போடுவேன்.

பிஐசி பற்றிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், சொல்லிவிடுகிறேன். 1978-இல் ஷ்வார்ஸ் தந்த அந்தச் சூத்திரம் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் 2-க்குப் பதிலாக மாதிரி அளவின் இயல் லாகரிதத்தைத் தண்டனையாக விதிக்கிறது. நம் வேலையில் மாதிரி அளவு எது? ஆய்வுகளின் எண்ணிக்கையான 18-ஆ? ஆய்வுக்கு இரண்டு வரி என்று ஷீட்டில் இருக்கும் 36-ஆ? அல்லது 6,000 பேரா? 18 என்றால் ஒரு பாராமீட்டருக்குத் தண்டனை 2.89. 36 என்றால் 3.58. 6,000 என்றால் 8.70. நம் உதாரணத்தில் முதல் மாடலிலிருந்து மூன்றாவதுக்குப் போகையில் ஒரே ஒரு பாராமீட்டருக்கு 8.6 லாபம் கிடைத்தது. 18 என்றோ 36 என்றோ எடுத்தால் மூன்றாவது மாடல் தெளிவாக ஜெயிக்கிறது. 6,000 என்றால் மயிரிழையில் முதல் மாடல் ஜெயிக்கிறது, அறிகுறிக்கும் டெஸ்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற முடிவுக்கு வந்துவிடுகிறோம். டேட்டா மாறவில்லை, ஃபிட்டும் மாறவில்லை. மென்பொருள் உள்ளே எதை எண்ணிக்கொண்டது என்பது மட்டும் மாறியிருக்கிறது. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் உள்ள ஜிஎல்மெர் மாதிரியான பொதுக் கருவிகள் நீங்கள் கொடுத்த வரிகளைத்தான் எண்ணும். நபருக்கு ஒரு வரி என்று டேட்டாவை விரித்துக் கொடுத்திருந்தால் 6,000 என்று எடுத்துக்கொள்ளும். பிஐசியை வைத்து முடிவு சொல்லும் கட்டுரையைப் படித்தால் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இனி நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று. துணை மாறி எல்லா ஆய்விலும் இருக்காது. 18 ஆய்வில் 15-தான் அறிகுறி விவரத்தைச் சொல்லியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் சத்தமே இல்லாமல் மூன்று ஆய்வுகளை விட்டுவிட்டு மாடலை ஓட்டும். மைனஸ் 2 தடாலென்று விழும். 214.6 இருந்தது 170-க்கு வந்துவிட்டது, அற்புதமான துணை மாறி என்று மகிழ்ந்து அனுப்புவார்கள். மூன்று ஆய்வு போனால் அவற்றின் பங்கும் போகத்தானே செய்யும்! துணை மாறி இல்லாத மாடலையும் அதே 15 ஆய்வில் மறுபடி ஓட்டி, அந்த இரண்டையும் ஒப்பிட வேண்டும். மைனஸ் 2 வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் ஆய்வு எண்ணிக்கையைப் பாருங்கள்.

அடுத்தது மென்பொருள் தாண்டி ஒப்பிடுவது. ஆர் மொழியில் ‘மாடா’ என்ற பேக்கேஜ் வைத்து ஓட்டிய ஒருவர், “ஏஐசி மைனஸில் வருது மேடம், எங்கேயோ தப்பு” என்று பதறினார். தப்பு எதுவும் இல்லை. மாடா ஒவ்வொரு ஆய்வின் விகிதத்தையும் லாஜிட்டாக மாற்றி, அதை நார்மல் பரவல் என்று எடுத்துக்கொள்கிறது. தொடர் மாறியின் அடர்த்தி 1-ஐத் தாண்டலாம். அதனால் லாக் லைக்லிஹுட் நேர்மறையாக வரலாம், ஏஐசி எதிர்மறையாகலாம். ஜிஎல்மெரோ ஸ்டேட்டா மென்பொருளின் ‘மெட்டாண்டி’யோ பைனாமியல் நிகழ்தகவை எடுக்கின்றன. அது ஒருபோதும் 1-ஐத் தாண்டாது, ஏஐசி எப்போதும் கூட்டல் பக்கம்தான். இரண்டும் வேறு வேறு அளவுகோல். மைனஸ் 40-ஐயும் 224-ஐயும் பக்கத்தில் வைத்து மாடா ஜெயித்தது என்று சொல்ல முடியாது.

மாடாவில் இன்னும் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதன் இயல்பான மதிப்பீட்டு முறை ரெம்எல் (கட்டுப்படுத்திய லைக்லிஹுட்). சராசரிப் பகுதியில் துணை மாறி சேர்த்த மாடலையும் சேர்க்காததையும் ரெம்எல் லைக்லிஹுட் கொண்டு ஒப்பிடக் கூடாது. ஒப்பிடுவதற்கு முன் முறையை எம்எல் (முழு லைக்லிஹுட்) என்று மாற்றி இரண்டையும் மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று, ஏதாவது ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அது இயல்பாகவே எல்லா ஆய்விலும் 0.5 சேர்த்துவிடும். டேட்டாவே மாறிய பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? பூஜ்யங்கள் நிறைய இருந்தால் நான் நேராக பைனாமியல் மாடலுக்குப் போய்விடுவேன். அங்கே 0.5 எதுவும் தேவையில்லை.

பைனாமியல் மாடலுக்குள்ளேயே கூட இரண்டு மென்பொருளின் மைனஸ் 2 ஒன்றாக வராமல் போகலாம். பைனாமியல் சூத்திரத்தில் ‘இத்தனை பேரில் இத்தனை பேரை எத்தனை விதமாகத் தேர்வு செய்யலாம்’ என்ற காரணி ஒன்று உண்டு. அது எந்த மாடலுக்கும் மாறாதது. சிலது அதைக் கணக்கில் சேர்க்கும், சிலது விட்டுவிடும். ஒரே மென்பொருளில்கூட, தொகுத்த எண்ணிக்கையாகக் கொடுத்தால் ஒரு மதிப்பும், நபர் நபராக விரித்துக் கொடுத்தால் வேறு மதிப்பும் வரும். மதிப்பீடுகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், ஏஐசி மட்டும் எங்கோ போய் நிற்கும். இது போக, லைக்லிஹுட்டைக் கணக்கிடுவது ஒரே புள்ளியை வைத்துச் செய்யும் லாப்ளாஸ் தோராயமா, பல புள்ளிகளை வைத்துச் செய்யும் அடாப்டிவ் குவாட்ரேச்சரா என்பதும் மதிப்பை அசைக்கும். ஜிஎல்மெரில் பைவேரியேட் மாடலுக்கு லாப்ளாஸ் மட்டும்தான் வழி. மற்றவற்றில் புள்ளிகளின் எண்ணிக்கையை நாமே கூட்டலாம். ஒரு கட்டுரைக்கான எல்லா மாடலையும் ஒரே கருவியில், ஒரே அமைப்பில் ஓட்டுவதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன்.

ஒரு உருப்படியான சோதனை: துணை மாறி இல்லாதபோது பைவேரியேட்டும் எச்எஸ்ஆர்ஓசியும் ஒரே மாடலின் இரண்டு முகங்கள் என்று 2007-இல் ஹார்போர்ட் குழுவினர் காட்டினார்கள். ஒன்றின் ஐந்து பாராமீட்டரிலிருந்து மற்றதன் ஐந்தையும் கணக்கிட்டுவிடலாம். ஆகவே ஒரே கருவியில் ஓட்டினால் மைனஸ் 2 ஒன்றாகத்தான் வர வேண்டும். “எது நல்ல ஃபிட், பைவேரியேட்டா எச்எஸ்ஆர்ஓசியா?” என்று துணை மாறி இல்லாத நிலையில் கேட்பதில் அர்த்தமில்லை. இரண்டும் வேறுபட்டால் ஏதோ ஒன்று சரியாகக் குவியவில்லை, அதாவது கணக்கு இறுதி விடைக்கு வந்து நிற்கவில்லை. தொடக்க மதிப்புகளை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். சாஸ் மென்பொருளில் கையால் தொடக்க மதிப்பு கொடுத்து ஓட்டுபவர்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்கிறேன். குவிந்தது என்ற செய்தி வந்தாலும் வேறொரு இடத்திலிருந்து தொடங்கும்போது மைனஸ் 2 இன்னும் இறங்கினால், முதலில் கிடைத்தது விடை இல்லை.

துணை மாறி வந்த பிறகு கதை வேறு. பைவேரியேட்டில் அதைச் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி மேல் வைக்கிறோம். எச்எஸ்ஆர்ஓசியில் துல்லியம், வெட்டுப்புள்ளி, வளைவின் வடிவம் இவற்றின் மேல் வைக்கிறோம். ஆய்வுகள் வெவ்வேறு வெட்டுப்புள்ளி பயன்படுத்தியிருந்தால் இரண்டாவது வழிதான் இயல்பானது. அங்கே வடிவத்தின் மேல் துணை மாறி தேவையா என்பதை முதலில் பாருங்கள். தேவை என்றால் இரண்டு வளைவும் எங்கோ வெட்டிக்கொள்ளக்கூடும், ‘இந்த டெஸ்ட் அதைவிடச் சிறந்தது’ என்ற ஒற்றை வரி எழுதவே முடியாது.

இப்போது வேரியன்ஸ் பக்கம். இங்கேதான் 5.99, 3.84 போன்ற எல்லைகளைத் தரும் வழக்கமான கை-ஸ்கொயர் அட்டவணை வழுக்கும். ஸ்பெசிஃபிசிட்டி எல்லா ஆய்விலும் 98, 99 சதவீதம் என்று நெருக்கமாக இருந்தால் அதன் ரேண்டம் எஃபெக்ட் (ஆய்வுக்கு ஆய்வு மாற இடம் விடும் பகுதி) தேவையா என்று கேட்கத் தோன்றும். வேரியன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே நாம் சோதிக்கும் மதிப்பு எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது, சாதாரண டெஸ்ட் தேவைக்கு மேல் கஞ்சத்தனம் காட்டும். வேரியன்ஸ் ஒன்றை மட்டும் நீக்கினால் 5 சதவீத எல்லை 3.84 இல்லை, 2.71. வேரியன்ஸோடு கோவேரியன்ஸும் சேர்ந்து போனால் 5.99-க்குப் பதில் 5.14. கோவேரியன்ஸ் மட்டும் போனால் பழைய 3.84-தான், ஏனென்றால் அது இரு பக்கமும் போகக்கூடியது. கோவேரியன்ஸைப் பூஜ்யமாக வைத்தால் பைவேரியேட் மாடல் இரண்டு தனித்தனி மாடலாகப் பிரிந்துவிடும், இரண்டின் மைனஸ் 2-ஐயும் கூட்டினாலே ஒப்பீட்டுக்கு வேண்டிய எண் கிடைக்கும்.

ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது கோரிலேஷன் (கோவேரியன்ஸை மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரையிலான அளவில் சொல்வது) சரியாக மைனஸ் 1 அல்லது பிளஸ் 1 என்று வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜிஎல்மெர் ‘சிங்குலர் ஃபிட்’ என்று எச்சரிக்கும். ஏஐசியை அப்போதும் அழகாக அச்சடிக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆறேழு ஆய்வை வைத்து ஐந்து பாராமீட்டரை, அதிலும் ஒரு கோரிலேஷனை, மதிப்பிடச் சொன்னால் அந்த மாடல் என்ன செய்யும்? மாடலைச் சுருக்குங்கள். முதலில் கோரிலேஷனை விடுங்கள், அப்புறம் தேவைப்பட்டால் ஒரு வேரியன்ஸை விடுங்கள். டக்வோயிங்கி குழுவினர் 2017-இல் சிமுலேஷன் செய்து, டேட்டா குறைவான இடங்களில் இப்படிச் சுருக்குவது சரியான வழி என்று எழுதியிருக்கிறார்கள். மைனஸ் 2 கிட்டத்தட்ட மாறாமல், சராசரிகளும் நகராமல், ஸ்டாண்டர்ட் எரர் மட்டும் நியாயமான அளவுக்கு வந்தால், சுருக்கியது சரிதான்.

ஆய்வுகளுக்கு இடையிலான முரண்பாட்டைச் சதவீதமாகச் சொல்லும் ஐ-ஸ்கொயர் எங்கே என்று கேட்பீர்கள். கட்டுரை மதிப்பீட்டாளர்களும் கேட்கிறார்கள். மருந்து ஆய்வுகளின் மெட்டா-அனாலிசிஸ் பழக்கத்தில் வந்தது அது. சென்சிட்டிவிட்டிக்கு ஒன்று, ஸ்பெசிஃபிசிட்டிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால், வெட்டுப்புள்ளி மாறுவதால் மட்டுமே வரும் மாறுபாட்டையும் அது முரண்பாடாக எண்ணிவிடும். ஆய்வுகள் பெரிதாக இருந்தால் சின்ன வித்தியாசத்துக்கும் 90 சதவீதத்துக்கு மேல் போய் நிற்கும். நோயறியும் டெஸ்ட்களுக்கான காக்ரேன் கையேடும் அதைப் பரிந்துரைப்பதில்லை. நான் அதற்குப் பதில் லாஜிட் அளவில் உள்ள வேரியன்ஸை எடுத்து, படிப்பவருக்குப் புரியும் சதவீதமாக மாற்றிக் கொடுப்பேன். நம் உதாரணத்தில் முதல் மாடலில் சென்சிட்டிவிட்டி வேரியன்ஸ் 0.62, மூன்றாவதில் 0.31 என்று வைத்துக்கொள்வோம். பாதி மாறுபாட்டை அறிகுறி விளக்கிவிட்டது. மீதியைப் பாருங்கள். அறிகுறி உள்ளவர்களில் சராசரி 80 சதவீதம் என்றால், 0.31 வேரியன்ஸில் தனித்தனி ஆய்வுகளின் உண்மைச் சென்சிட்டிவிட்டி ஏறக்குறைய 57-இலிருந்து 92 சதவீதம் வரை பரவிக் கிடக்கும். முதல் மாடலோடு ஒப்பிடும்போது பி மதிப்பு 0.003 என்று நெஞ்சை நிமிர்த்தும் அதே மாடலில்தான் இந்தப் பரவலும் இருக்கிறது. அடுத்து ஓர் இடத்தில் இந்த டெஸ்டைக் கொண்டுபோய் வைத்தால் பத்தில் ஆறு பேரைப் பிடிக்குமா, ஒன்பது பேரைப் பிடிக்குமா என்று மாடலுக்கே தெரியாது. ஏஐசியை விட இந்த வரி ஒரு டாக்டருக்கு நூறு மடங்கு பயன்படும்.

ஃபிட் பார்க்கப் படங்களும் உண்டு. ஸ்டேட்டாவின் ‘மைடாஸ்’ நான்கு கட்டப் படம் ஒன்று தரும்: ஃபிட், பைவேரியேட் நார்மல் தன்மை, எந்த ஆய்வு முடிவை இழுக்கிறது என்பதற்கான குக் தூரம், விலகி நிற்கும் ஆய்வுகள். முதல் இரண்டையும் நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ரேண்டம் எஃபெக்ட்களை மாடலே நார்மல் வடிவத்துக்குச் சுருக்கி வைத்திருக்கும், சிறிய ஆய்வுகளில் இன்னும் அதிகமாக. அது நார்மலாகத் தெரிவதில் வியப்பில்லை. பின் இரண்டுதான் எனக்கு வேலை கொடுப்பவை. குக் தூரத்தில் தனியாக நிற்கும் ஆய்வை எடுத்து, மூலக் கட்டுரையைத் திரும்பத் திறந்து, நான்கு எண்களும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். பொய் பாசிட்டிவும் பொய் நெகட்டிவும் இடம் மாறி ஏறியிருப்பது சகஜம். எண்கள் சரியாக இருந்தால், அந்த ஆய்வை விட்டுவிட்டு மாடலை ஓட்டி, சராசரி எவ்வளவு நகர்கிறது என்று எழுதுவேன். ஃபிட் நன்றாக வருகிறது என்பதற்காக அந்த ஆய்வை நிரந்தரமாக வெளியே தள்ளுவது மட்டும் கூடாது. அப்படித் தள்ளினால் ஏஐசி குறையும்தான், ஏன் குறைந்தது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இந்த எண்கள் எவற்றாலும் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது. எல்லா ஆய்வும் ஒரே திசையில் தவறியிருந்தால் ஃபிட் பிரமாதமாக இருக்கும். நோய் முற்றியவர்களை ஒரு பக்கமும் முழு ஆரோக்கியமானவர்களை மறு பக்கமும் நிறுத்தி டெஸ்ட் செய்தால் துல்லியம் ஊதிப் பெருக்கும் என்பது 1999-இல் லைமர் குழுவினர் காட்டியதிலிருந்து தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட 18 ஆய்வைக் கொடுங்கள், வேரியன்ஸ் சிறிதாக, படத்தில் சராசரியைச் சுற்றிய நம்பக வட்டம் இறுக்கமாக, எல்லாம் அழகாக வரும். ஆய்வுகளின் தரத்தை எடைபோடும் குவாடாஸ்-2 கருவியில் நோயாளித் தேர்வு, டெஸ்ட், ஒப்பீட்டுத் தரம், நேர ஓட்டம் என்று நான்கு பகுதி இருப்பது இதற்காகத்தான். வாய்ப்பிருந்தால் நோயாளித் தேர்வில் இப்படித் தவறும் ஆபத்து உண்டா, இல்லையா என்பதையே ஒரு துணை மாறியாக வைத்து மைனஸ் 2 வித்தியாசத்தைப் பார்ப்பேன். அறிகுறியை விட அதுவே அதிகம் விளக்கிவிட்டால் கட்டுரையின் விவாதப் பகுதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும், குழுவில் ஒருவருக்கும் பிடிக்காது.

பேய்சியன் வழியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே மொத்த ரெசிடுவல் டீவியன்ஸின் (டேட்டாவுக்கும் மாடலுக்கும் உள்ள இடைவெளியின் அளவு) சராசரியை டேட்டா புள்ளிகளின் எண்ணிக்கையோடு நேராக வைத்துப் பார்க்கலாம். ஆய்வுக்கு இரண்டு புள்ளி, 18 ஆய்வுக்கு 36. டீவியன்ஸ் 36-ஐ ஒட்டி வந்தால் மாடல் டேட்டாவோடு ஒத்துப்போகிறது. 60 என்று வந்தால் எங்கோ இடிக்கிறது. எந்த ஆய்வு அதிகம் கூட்டுகிறது என்று ஒவ்வொன்றாகவும் பார்க்கலாம். “நல்ல ஃபிட்தானே?” என்ற கேள்விக்கு இன்னொரு மாடலின் துணையில்லாமல் ஓரளவு பதில் தருவது இது. பூஜ்யமும் ஒன்றும் நிறைந்த கட்டங்கள் இருந்தால் அந்த 36-ஐயும் இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

கட்டுரையில் எழுதும்போது நான் போடுவது இவ்வளவுதான்: எந்த மென்பொருள், எந்த மதிப்பீட்டு முறை, ஒவ்வொரு மாடலிலும் எத்தனை ஆய்வு, எத்தனை பாராமீட்டர், மைனஸ் 2, ஒப்பிட்ட ஜோடிக்கு வித்தியாசமும் பி மதிப்பும். பக்கத்திலேயே அந்தந்த மாடல் தந்த சராசரிச் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி, இரண்டு வேரியன்ஸ். ஒரு சின்ன அட்டவணையில் அடங்கிவிடும். மதிப்பீட்டாளர் யாராவது ‘ஒட்டுமொத்த ஃபிட்டுக்கு ஒரு பி மதிப்பு தரவும்’ என்று கேட்டால், அந்த அட்டவணையைக் காட்டி, பைவேரியேட் மாடலுக்கு அப்படி ஒற்றை எண் இல்லை என்று இரண்டு வரியில் பதில் எழுதுகிறேன். இதுவரை யாரும் மறுத்து எழுதவில்லை.